சும்மா இருந்த கொழுந்தன்

உறுவையாற்றில் அந்தக் காலத்தில் வேலைவெட்டி இல்லாத ஆள் யார் என்று கேட்டால் எங்கள் வீட்டைத்தான் காட்டுவார்கள். என் கொழுந்தன் அப்படிப் பேர் எடுத்திருந்தார். அவருக்கென்று நல்ல பெயர் ஒன்று வைத்திருந்தார்கள். ஆனால் ஊரில் அது புழக்கத்தில் இல்லை. "சும்மா இருக்கறாரே, அவரு" என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நான் அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என்னை மிரள வைத்தது அவர் சாப்பிடுகிற விதம். என் வீட்டுக்காரரும் மாமனாரும் உட்கார்ந்தது தெரியாமல் உண்டு எழுந்து கழனிக்குப் போய்விடுவார்கள். இவர் இலையின் முன்னால் உட்கார்ந்து முதலில் சோற்றை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு குழம்பைப் பார்ப்பார். ஓரத்தில் கொஞ்சம் பிசைவார். தெருவில் போகிற மாடு யாருடையது என்று என்னிடம் விசாரிப்பார். நான் எல்லாப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்த பிறகு அவருடைய குழம்புச் சட்டி மட்டும் மிச்சம் இருக்கும்.

"சீக்கிரம் ஆவட்டும் தம்பி" என்பேன்.

"இன்னா இப்ப அவசரம் அண்ணி?" என்பார்.

அதைக் கிண்டலாகச் சொல்லமாட்டார். என்ன அவசரம் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் மாதிரி கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திருப்பார். பதில் எனக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற என் மாமனாரோ, நின்ற இடத்தில் நிற்காத மனிதர். கரும்பும் நெல்லுமாக நல்ல விளைச்சல் எடுத்தவர். யாராவது பேச வந்தால்கூடக் கயிறு திரித்துக்கொண்டேதான் பேசுவார். 'சும்மா' என்ற சொல் அவர் வாயில் வசவு. ஒருவனை அவர் மிகக் கேவலமாகத் திட்டினால், "அவன் சும்மா ஒக்காந்திருக்கறவன்" என்று திட்டுவார். அதற்கு மேல் அவரிடம் கெட்ட வார்த்தை கிடையாது.

ஒரு வருஷம் வெல்லம் காய்ச்சும்போது என் கொழுந்தனைக் கொப்பரைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். பாகைக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், பதம் வந்ததும் குரல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் கிளறினார். பாகு கொதிப்பது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது. அது பொங்குவதையும் அமிழ்வதையும் பார்த்துக்கொண்டே நின்றதில் பதம் வந்து, தாண்டி, கொப்பரை முழுவதும் கருகிப்போனது. மாமனார் ஓடிவந்து ஆட்கள் எல்லோரும் பார்க்கத் தாண்டிக் குதித்தார். இவர் துடுப்பின் நுனியில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "கசப்பு கம்மியாத்தாம்பா இருக்குது" என்றார்.

அடுத்த நடவு வரைக்கும் மாமனார் அவரோடு பேசவில்லை. பேசாத குறையை மற்றவர்களிடம் பேசித் தீர்த்துக்கொண்டார். உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் வரைக்கும் எந்தக் களத்தில் நின்றாலும், "எனக்குன்னு ஒண்ணு பொறந்திருக்குது பாரு, ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்று ஆரம்பித்துவிடுவார்.

மாமனாருக்கு ஞாபகம் தவற ஆரம்பித்தது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர் வேலை செய்துகொண்டே இருந்தார். வேலை செய்கிற மனிதனை யார் சந்தேகப்படுவார்கள்? ஒருநாள் நடவு முடிந்து வேர் பிடித்திருந்த கழனியில் இறங்கி, களை என்று நினைத்து நாற்றையெல்லாம் பிடுங்கி வரப்பில் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்துவிட்டார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து, "இவ்வளவு களை மண்டிக் கெடக்குது, ஒருத்தனும் பாக்கல" என்று எங்களைத் திட்டினார். என் வீட்டுக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசலில் அப்படியே குந்திவிட்டார்.

வைத்தியர் வந்தார். தலையில் சூடு ஏறிவிட்டது என்று சொல்லி எண்ணெய் ஒன்று கொடுத்தார். அதை உச்சியில் அரக்கித் தேய்த்து, நன்றாக ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். தினமும் அரைப்பொழுது ஆகும் என்றார். வீட்டில் அரைப்பொழுது யாரிடம் இருக்கிறது? என் வீட்டுக்காரருக்கு இறவை, கரும்பு வெட்டு, ஆட்கள். எனக்கு அடுப்பு, மாடு, கைக்குழந்தை. போதாக்குறைக்கு மாமனார் என்னைப் பக்கத்தில் விடமாட்டார். "யாரும்மா நீ, எந்த வூட்டுப் பொண்ணு? ஆம்பள குளிக்கற எடத்துல உனக்கு இன்னா வேலை?" என்று வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கூலிக்கு ஒரு ஆளை வைத்துப் பார்த்தோம். நெல்லைத் திருடிவிட்டான் என்று மாமனார் அவனைத் தெருவில் நிறுத்தித் திட்டியதில் அவன் எண்ணெய்க் கையைத் துடைக்காமலே போய்விட்டான்.

யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. எல்லோருமாக என் கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆவட்டும்" என்றார்.

அன்றிலிருந்து அவர் பொழுது விடிந்து பொழுது போகும்வரை மாமனாரோடுதான். ஊர்க்காரர்கள் பார்த்தால் இரண்டு பேரும் ஒன்றாகச் சும்மா இருக்கிற மாதிரி இருக்கும்.

காலையில் குளியல். மாமனாருக்குத் தண்ணீரைக் கண்டால் பயம் வந்திருந்தது. இவர் முதல் சொம்பைத் தன் தலையில் ஊற்றிக்கொள்வார். "சில்லுனு இல்ல, பாருங்க" என்பார். அடுத்த சொம்பும் தன் தலையில். பிறகு மாமனாரின் காலில் கொஞ்சம், முழங்காலில் கொஞ்சம். அவருடைய தலைக்குத் தண்ணீர் போய்ச் சேருவதற்குள் தொட்டித் தண்ணீர் காலியாகிவிடும். மறுபடி சேந்துவார். கிணற்றுப் பக்கம் தண்ணீர் எடுக்க வருகிற பெண்கள், "இன்னிக்கும் குளிச்சி முடியலியா?" என்று கேட்டுவிட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள்.

பிறகு சாப்பாடு. சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் மாமனார், "இந்த வூட்ல எனக்குச் சோறே போடறதில்ல" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்வார். என் வீட்டுக்காரர் இருந்தால், "இப்பத்தானே தின்ன, இலகூட எடுக்கல, பாரு" என்று இலையைக் காட்டுவார். மாமனார் இலையைப் பார்ப்பார். "எவனோ தின்னுட்டுப் போயிருக்கறான்" என்பார். சண்டை வலுக்கும். கொழுந்தன் சண்டை போடமாட்டார். எதிரில் உட்கார்ந்து தன் சோற்றை வழக்கம்போல நிதானமாகப் பிசைந்துகொண்டே, "தோ, போட்டுக்கினே இருக்கறாங்க. வாங்க, ஒண்ணா தின்னலாம்" என்று ஒரு பிடியை அவர் இலையில் வைப்பார். அந்த ஒரு பிடியை இரண்டு பேரும் வெகுநேரம் சாப்பிடுவார்கள். எந்தச் சாப்பாட்டு வேகத்தைப் பார்த்து மாமனார் ஆயுசு முழுக்கத் திட்டினாரோ, இப்போது அவருடைய வேகமும் அதுதான்.

மத்தியானம் சாய்ந்ததும் மாமனார் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். "சரி, நான் வூட்டுக்குப் போறன்" என்பார். அவர் இத்தனை வருஷம் குடியிருந்ததே அந்த வீட்டில்தான். என் வீட்டுக்காரர் கதவையும் தூணையும் தட்டிக் காட்டி, "இதாம்பா உன் வூடு" என்று மன்றாடுவார். கேட்கமாட்டார். "எங்கம்மா தேடும்" என்பார். எங்கள் ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை. அவருடைய அம்மா பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், இங்கிலீஷ்காரன் சீமையில் இருந்தது. சின்ன வயதில் அங்கே போய்ப் போய் இருந்திருக்கிறார்.

கொழுந்தன் செருப்பை மாட்டிக்கொள்வார். "வாங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறன்" என்பார். இரண்டு பேரும் ஆற்றங்கரை வழியாக நடப்பார்கள். மாமனார் ஒவ்வொரு கழனியிலும் நின்று கரும்பைத் தொட்டுப் பார்ப்பார். இவரும் நிற்பார். மேட்டு மதகு வரைக்கும் போனதும் மாமனாருக்கு எங்கே போகிறோம் என்பது மறந்துவிடும். அப்படியே சுற்றிக்கொண்டு திரும்புவார்கள். வெயில் தாழும் நேரத்தில் மாமனார் எங்கள் வாசலில் வந்து நின்று, "எல்லாரும் சௌக்கியமா?" என்பார். நான் விருந்தாளிக்குக் கொடுப்பதுபோலச் சொம்பில் தண்ணீர் கொடுக்க வேண்டும். "நல்ல வூடு. கட்டினவன் கெட்டிக்காரன்" என்று தூணைத் தடவிப் பாராட்டுவார். கட்டியவர் அவர்தான்.

தெருவில் பேசிக்கொண்டார்கள்: "அப்பனும் புள்ளையும் காத்து வாங்கக் கெளம்பிட்டாங்க. குடுத்து வச்ச சென்மம்."

மாமனாருக்கு என் கொழுந்தனைத் தன் மகன் என்று தெரியாது. பண்ணையில் புதிதாகச் சேர்ந்த ஆள் என்றுதான் நினைத்திருந்தார். இவரும் அதைத் திருத்தவில்லை, 'ஐயா' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மனைவி செத்தது மறந்து, பேரப்பிள்ளை பிறந்தது மறந்து, உப்பு எது சர்க்கரை எது என்பதே மறந்த மனிதருக்கு ஒன்று மட்டும் மறக்கவில்லை. தன் கடைசி மகன் ஒண்ணுத்துக்கும் ஆகாதவன் என்பதுதான் அது. அதை அவர் தினமும் இந்த ஆளிடம் சொல்லி ஆறுதல் தேடினார்.

ஒருநாள் முதுகு தேய்த்துவிடும்போது சொன்னது என் காதில் விழுந்தது.

"எனக்கு ஒரு பையன் இருக்கறான்பா. தெரியுமா உனக்கு?"

"கேள்விப்பட்டிருக்கறன் ஐயா."

"சோம்பேறிப் பய. நான் இப்பிடிக் கெடக்கறன், வந்து எட்டிப் பாத்தானா?"

"அவன் அப்பிடித்தான் ஐயா. கையத் தூக்குங்க."

"நீ யார் பெத்த புள்ளயோ. நீ இருக்கறதால ஆச்சி."

"ஆவட்டும் ஐயா. இந்தக் கையையும் தூக்குங்க."

அதில் கோபமோ நையாண்டியோ எதுவும் இல்லை. மாமனார் சொன்னது சரிதான் என்று அவரும் நினைத்தார் போலிருக்கிறது.

அவருக்கு ஒரு கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று நான்தான் முனைந்தேன். வில்லியனூரில் எங்கள் சனத்தில் ஒரு பெண் இருந்தாள். நிலபுலன் உண்டு, தேர் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு கடையும் உண்டு. பெண் பார்க்க வரச் சொன்னார்கள். அன்று ஒருநாள் மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொள்வது என் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஏற்பாடு. "ஒரு கெழவர ஒரு பகல் பாத்துக்கறது ஒரு வேலையா?" என்றார் அவர். நானும் கொழுந்தனும் வண்டி கட்டிக்கொண்டு போனோம்.

பெண் நன்றாக இருந்தாள். கொழுந்தனைப் பார்த்த பார்வையில் பிடித்தம்கூடத் தெரிந்தது. பெண்ணின் தகப்பனார் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"மாப்ள இன்னா பண்றாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கொழுந்தனே சொல்லிவிட்டார். "எங்கப்பாவப் பாத்துக்கறன்."

"அது சரி. வேலை இன்னா?"

"அதாங்க."

"கழனி வேலை?"

"அதுக்கு நேரம் ஆவறதில்லைங்க."

பெண்ணின் தகப்பனார் என்னைப் பார்த்தார். "வயசானவங்களக் குளிப்பாட்டறது சோறு போடறதெல்லாம் வூட்ல பொம்பளைங்க பாக்கறதுதானே? அதுல நேரம் இன்னா ஆவும்?" என்றார். நியாயமான கேள்வி. அவருடைய வீட்டிலும் உள்ளறையில் ஒரு கிழவி அனத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் வந்ததிலிருந்து அவருடைய மனைவி நான்கைந்து தடவை உள்ளே போய்ப் போய் வந்தாள். அந்த அம்மாளை யாராவது கேட்டிருந்தால் அவளும் தான் சும்மா இருப்பதாகத்தான் சொல்லியிருப்பாள்.

பலகாரம் வந்தது. கொழுந்தன் ஒரு அதிரசத்தை எடுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் பண்ணையாள் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றான். "பெரியவரக் காணம்" என்றான்.

கொழுந்தன் அதிரசத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். விடைபெறக்கூட இல்லை. வண்டியிலேயும் ஏறவில்லை, வயல் குறுக்கே நடந்துவிட்டார். பெண்ணின் தகப்பனார் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு என்னிடம், "வேலை இல்லன்னு சொன்னாங்க, இவ்வளவு அவசரமாப் போறாரே?" என்றார். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

நடந்தது இதுதான். என் வீட்டுக்காரரால் சும்மா உட்கார முடியவில்லை. அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும், வேலையும் ஆன மாதிரி இருக்கும் என்று மாமனாரைக் கரும்புக் கொல்லைக்கு அழைத்துப் போயிருக்கிறார். வரப்பில் உட்கார வைத்து, "இங்கயே இருப்பா" என்று சொல்லிவிட்டு மடையைத் திருப்பப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் வரப்பு மட்டும் இருக்கிறது. ஆட்களை விட்டு ஆறு, கிணறு, கோயில் என்று எல்லா இடத்திலும் தேடியிருக்கிறார். தான் ஓடிய ஓட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டிருந்தார்.

கொழுந்தன் நேரே எல்லைக்குப் போயிருக்கிறார். அங்கே இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடியில் மாமனாரை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் பிராஞ்சுப் பக்கத்திலிருந்து போகிற ஆட்களின் மடியைத் தடவிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். மாமனாரின் மடியில் ஒரு பெரிய வெல்லக் கட்டி இருந்திருக்கிறது. யாருக்குக் கொண்டுபோகிறாய் என்று கேட்டதற்கு அம்மாவுக்கு என்றாராம். சேவகன் அவருடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "உன் அம்மா இன்னுமா இருக்கறாங்க?" என்றானாம். மாமனாருக்குக் கோபம் வந்து அவன் தலைப்பாகையைப் பிடுங்கிவிட்டார். அதனால்தான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கொழுந்தன் போய், சேவகனோடு பேசவில்லை. மாமனாருக்குப் பக்கத்தில் மர நிழலில் உட்கார்ந்தாராம். "ஐயா, மாட்டக் கட்டாம வந்துட்டன். போயிக் கட்டிட்டு வந்துடலாமா?" என்று கேட்டாராம். மாடு கட்டாமல் கிடக்கிறது என்றால் மாமனாருக்குப் பொறுக்காது. தலைப்பாகையைச் சேவகன் கையில் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டார். வெல்லக் கட்டியைச் சாவடியில் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் வீடு வந்து சேர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடவில்லை. "ஒரு நாள் முச்சூடும் பூடுச்சி. ஒரு வேலையும் நடக்கல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். கொழுந்தன் அதைக் கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தார்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் நிலத்தைப் பிரித்து எழுதிவிடுவது என்று தீர்மானித்தார். ஆற்றுப் பக்கத்து நஞ்சையில் உழைத்தவர் அவர். அதனால் அது தனக்கு, மேட்டுக் கொல்லை தம்பிக்கு என்பது அவருடைய கணக்கு. கொழுந்தனிடம் கேட்டதற்கு, "ஆவட்டும் அண்ணே" என்றார். பத்திரம் எழுதும் நொத்தேர், கோட்டுப் போட்ட தமிழர்தான், மாமனாரை வண்டியில் ஏற்ற முடியாது என்பதால் எங்கள் வீட்டுக்கே வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

நொத்தேர் மரியாதையாகக் கேட்டார். "ஐயாவுக்கு எத்தனை ஆண் பிள்ளைகள்?"

"ரெண்டு பேரு" என்றார் மாமனார். அன்று அவர் குரல் பழைய குரலாக, கணீரென்று இருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பெரியவன் உழைப்பாளி. சின்னவன் சோம்பேறி. நான் படுத்தன்னிக்கிலேர்ந்து என் மூஞ்சில முழிக்கல. அவனுக்கு ஒரு சாண் நிலம் குடுக்கக் கூடாது. எழுதிக்குங்க."

நொத்தேர் பேனாவை எடுத்தார். "அப்போ அவர் பங்கு?"

மாமனார் பக்கத்தில் விசிறிக்கொண்டிருந்த கொழுந்தனின் மணிக்கட்டைப் பிடித்தார். "இவனுக்கு எழுதுங்க. ஆத்துப் பக்கத்துக் கழனி. இவந்தான் என்னப் பாத்துக்கறான்."

"இவர் யாரு?"

"எங்க ஆளு. பேரு தெரியல."

நொத்தேர் கொழுந்தனைப் பார்த்தார். "ஐயா சொல்ற சின்ன மகன் எங்கே? நீங்க யாரு?"

கொழுந்தன் விசிறியைக் கீழே வைத்தார். வழக்கம்போல யோசித்தார். "அந்த ரெண்டு பேரும் நான்தாங்க" என்றார்.

நொத்தேர் பேனாவை மூடிவிட்டார். சித்த சுவாதீனம் இல்லாதவர் வாய்மொழியை எழுத முடியாது என்று சொல்லி, மோர் குடித்துவிட்டுப் புறப்பட்டார். என் வீட்டுக்காரர் அவரை வண்டி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, திரும்பி வீட்டுக்கு வராமல் கழனிக்குப் போய்விட்டார். பிரிவினைப் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை. மாமனார் மட்டும் ரொம்ப நாளைக்கு, "கழனி உன் பேருல ஆயிடுச்சில்ல? பாத்து வச்சிக்க" என்று கொழுந்தனிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மாமனார் ஒரு தை மாதத்தில், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது, எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருக்கையிலேயே போய்ச் சேர்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்துக் கொழுந்தன் எழுப்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் சோறு ஆகிவிட்டது என்று சொல்லப் போனபோதுதான் தெரிந்தது. காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் என் வீட்டுக்காரரிடம், "நல்லபடியா வச்சிப் பாத்தீங்க" என்று சொன்னார்கள். கொழுந்தனிடம், "இனிமேலாச்சும் ஒரு வேலையப் பாரு" என்றார்கள். அவர் தலையாட்டினார்.

அதற்கப்புறம் அவருடைய பகல் பொழுது அவருக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது. காலையில் கிணற்றடிக்குப் போய்த் தொட்டி நிறையத் தண்ணீர் சேந்துவார். குளிக்கமாட்டார். வெயில் ஏறும் வரைக்கும் அங்கேயே நின்றுவிட்டு வருவார். என் வீட்டுக்காரர் களத்தில் வேலை கொடுத்தார். மற்றவர்கள் பாதிப் போர் போடுவதற்குள் இவர் ஒரு கட்டை அவிழ்த்திருப்பார். "பழையபடி ஆரம்பிச்சிட்டான்" என்று ஊர் தன் கருத்தை உறுதி செய்துகொண்டது.

அப்போதுதான் மதகடிப்பட்டிலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் வந்தார். அவருடைய தகப்பனாருக்கும் ஞாபகம் தவறிவிட்டதாம். வைத்த ஆள் ஒருவனும் நிற்கவில்லையாம். "உங்க தம்பி சும்மாத்தானே இருக்கறாரு, அனுப்பி வைங்களேன்" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். கடைக்காரர் தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு என் வீட்டுக்காரர் வெடித்தார்.

"நம்ம வூட்டுப் புள்ள அடுத்தவன் வூட்ல போயிக் கூலிக்குக் குளிப்பாட்டறதா? ஊர்ல தலகாட்ட முடியுமா?"

"இங்கயும் அதத்தானே அண்ணே செஞ்சன்" என்றார் கொழுந்தன்.

"இங்க செஞ்சது வேலையாடா? அது நம்ம அப்பா."

கொழுந்தன் நான்கைந்து நாள் யோசித்தார். பிறகு ஒரு காலையில் இரண்டு வேட்டியை மடித்து மூட்டை கட்டிக்கொண்டு, "வரன் அண்ணி" என்றார். "இன்னா அவசரம் தம்பி, சாப்ட்டுப் போலாமே" என்றேன். "குளிப்பாட்டற நேரத்துக்குள்ள போவணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஊரில் செய்தி பரவியது. "சும்மா இருந்தாரே, அவருக்கு வேலை கெடச்சிடுச்சாம்" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னாள். என்ன வேலை என்று இன்னொருத்தி கேட்டாள். கிழவர் ஒருத்தரைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றதும் அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஐயோ பாவம். அது ரொம்பக் கஷ்டமான வேலையாச்சே" என்றாள்.

கொஞ்ச மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாடு வாங்க என் வீட்டுக்காரரோடு நானும் மதகடிப்பட்டுச் சந்தைக்குப் போனேன். அவர் மாட்டின் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், விழுப்புரம் ரோட்டு ஓரமாக அந்தத் துணிக்கடையைத் தேடிப் போனேன். கடைக்கு முன்னால் கொழுந்தன் ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பெரியவர் வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி என்று பளிச்சென்று இருந்தார். கொழுந்தன் என்னைக் கண்டதும், "வாங்க அண்ணி" என்றார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

"வாம்மா. இவன் என் பெரிய புள்ள. தெரியுமில்ல?" என்று கொழுந்தனைக் காட்டினார்.

"தெரியுங்க" என்றேன்.

"நீயாச்சும் இவனுக்குப் புத்தி சொல்லிட்டுப் போ. பொழுதுக்கும் கடை, கடைன்னு கெடக்கறான். பெத்த அப்பன் பக்கத்துல செத்த நேரம் ஒக்கார மாட்டறான். கேட்டா நேரமில்ல, நேரமில்லங்கறான். அப்பிடி இன்னா அவசரம் இவனுக்கு?"

கடைக்குள் அவருடைய மூத்த மகன், எங்கள் வீட்டுக்கு வந்த அதே கடைக்காரர், ஒரு வாடிக்கைக்காரருக்குத் துணி அளந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

கொழுந்தனைப் பார்த்தேன். அவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "தப்புதான் நைனா" என்றார்.

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"தம்பி, கொஞ்ச நேரம் அப்பாகூட ஒக்காருங்க" என்றேன்.

"சரிங்க அண்ணி" என்று அவர் பெரியவரைக் கடை வாசலில் கிடந்த பெஞ்சுப் பலகையில் உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னிக்கித்தான் ஒக்காந்திருக்கறான், பாரு" என்று பெரியவர் சந்தோஷமாக என்னிடம் சொன்னார். கடைக்குள்ளிருந்து கத்தரிக்கோல் துணியை வெட்டுகிற சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.